மேலே நின்ற சரக்கு

கழிவுநீர் சுத்திகரிக்கும் இ.டி.பி. தொட்டியிலிருந்து நெயில் பாலிஷ் வாசனை வந்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ரியாக்டரில் இருக்க வேண்டிய மருந்துச் சரக்கு மொத்தமும் அங்கே போயிருந்தது.

திருவாண்டார்கோயில் பக்கம் மருந்து மூலப்பொருள் செய்யும் கம்பெனியில் நான் கெமிஸ்ட். தண்ணீரிலிருந்து சரக்கைப் பிரித்தெடுக்க எம்.டி.சி. என்ற குளோரின் சால்வென்ட்தான், அதாவது கரைப்பான்தான், எங்கள் வழக்கம். நாற்பது டிகிரியிலேயே கொதித்துவிடும் பண்டம். மே மாதத்தில் டிரம்மைத் திறந்தால் பாதி காற்றில் போகும், மீதி ஆளின் மண்டைக்குள் போகும். ஆபரேட்டர் கலியபெருமாள் மாஸ்க் போட்டும் தலையைப் பிடித்துக்கொண்டுதான் பஸ் ஏறுவார்.

"இன்னா சார், படிச்சவங்க இதுக்கு ஒரு மாத்து கண்டுபுடிக்கக் கூடாதா? வூட்டுக்குப் போனா சோறு எறங்கல சார்," என்பார்.

அவருக்காகவே நெயில் பாலிஷ் வாசனை அடிக்கும் எத்தில் அசிடேட்டைப் பிடித்தேன். உடம்புக்கும் மண்ணுக்கும் அத்தனை கெடுதல் இல்லாதது. லேபில் அருமையாக வந்தது. முதலாளி மூக்கால் அழுதுகொண்டே ஒரு பேட்ச்சுக்குச் சம்மதித்தார்.

ஒரே வித்தியாசம்தான். எம்.டி.சி. தண்ணீரைவிடக் கனம், சரக்கோடு அடியில் தங்கும். எத்தில் அசிடேட் சரக்கோடு மேலே நிற்கும். அன்று காலை மற்ற ஆபரேட்டர்களுக்கு இதை விளக்கியதே கலியபெருமாள்தான். "மேல நிக்கறதுதான்பா சரக்கு. அடில இருக்கறது வெறும் தண்ணி."

அப்படிச் சொன்ன மனிதர், லேயர் பிரிந்ததும், இத்தனை வருஷப் பழக்கத்தில் அடியில் இருந்ததைப் பத்திரமாக அடுத்த டேங்குக்கு இறக்கினார். மேலே நின்றதை இ.டி.பி. லைனில் திறந்துவிட்டார்.

"கை தானாப் போயிடுச்சி சார்," என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

முதலாளி என்னைக் கூப்பிட்டுக் கத்தினார். "யோவ், உன் கிரீன் கெமிஸ்ட்ரிய மூட்டை கட்டி வை. பழைய சால்வென்ட்டையே போடு."

"சார், சால்வென்ட் மேல தப்பில்ல. இன்னும் ஒரே ஒரு பேட்ச்..."

"எதுக்கு? கம்பெனிய விக்கறதுக்கா?"

நான் ஓய்வு பெறும்வரை அந்தப் பேச்சையே எடுக்கவிடவில்லை. இ.டி.பி. வால்வில் ஒரு பூட்டு தொங்கியிருந்தால் போதுமாக இருந்திருக்கும். லேபில் சால்வென்ட்டை மாற்றும் பிள்ளைகளே, வால்வு திருப்புகிற கையையும் வெறும் தண்ணீரை வைத்து நாலு தடவை பழக்குங்கள். அப்புறம் பேட்ச் போடுங்கள்.

அந்த பேட்ச் வீணான மறுவாரமே எம்.டி.சி. டிரம் வந்து இறங்கியது. அதைத் திறக்க வேறு ஆளை அனுப்புகிறேன் என்றேன். கலியபெருமாள் கேட்கவில்லை.

"நான் பண்ணதுக்கு இன்னொருத்தன் தலைய ஏன் சார் நோவடிக்கணும்?" என்றவர், மாஸ்க்கை இழுத்துவிட்டுக்கொண்டு மூடியைத் திருகினார்.