கையில் கிடந்த காப்பு

என் கணவர் ஆவடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மெஷின் ஆபரேட்டர். மெஷினைத் தொடும் முன் மோதிரம், காப்பு எல்லாவற்றையும் கழற்றி லாக்கரில் வைத்துவிட வேண்டும் என்பது அங்கே சட்டம். ஒரு நாளும் தவறமாட்டார்.

எங்கள் பழைய காரில் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் போய்விட்டது. தானே மாற்றுவதாகச் சொல்லி ஒரு ஞாயிறன்று வாசலில் பானெட்டைத் திறந்தார். திருவேற்காடு கோயில் வாசலில் வாங்கிய செப்புக் காப்பு கையிலேயே இருந்தது.

"ஏங்க, பேட்டரி ஒயரைக் கழட்ட வேணாமா?"

"சாவியே உன் கைல கீது. கரண்ட்டு எங்கேர்ந்து வரும்?" என்றார்.

ஆல்டர்னேட்டருக்கு வரும் தடித்த ஒயரின் நட்டில் ஸ்பேனரை மாட்டினார். சாவி இல்லாவிட்டாலும் அந்த ஒயரில் மின்சாரம் இருக்கும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது. ஸ்பேனரில் உரசிய காப்பு என்ஜினிலும் பட்டது. படாரென்று பொறி பறந்தது. கையை உதறியபடி, "கழட்டு, கழட்டு!" என்று அலறினார். காப்பு அடுப்பில் கிடந்ததுபோல் கொதித்தது. துண்டால் பிடித்து இழுத்தேன். தோலும் கொஞ்சம் சேர்ந்து வந்தது.

புண் ஆறி, மீதி வேலைக்கு வந்தவரிடம் கையை நீட்டினேன். முதலில் மோதிரமும் வாட்சும் என் கைக்கு வந்தன. அடுத்து பேட்டரியின் கறுப்பு ஒயர் கழன்றது. பிறகுதான் ஸ்பேனரைக் கொடுத்தேன். இப்போதெல்லாம் பானெட் திறந்தால் இதுதான் வழக்கம்.

"இன்னாமே, இது ஊடா, ஃபேக்டரியா?" என்று அலுத்துக்கொண்டார்.

"ஊடுன்னு நெனச்சதாலதான் கை வெந்துச்சு" என்றேன்.