மணப்பட்டில் ஒரு நாளைத் திருப்ப மூன்று கைபேசிகள்

அனைவருக்கும் ஒரு முக்கிய அறிவிப்பு. வில்லியனூர் கொம்யூனில் வசிக்கும், பதினேழு வயது நிரம்பிய அடியேனின் சைக்கிளுக்கு, பின்சக்கரத்தில், கடந்த சனிக்கிழமை காலை ஒன்பது இருபதுக்குப் புது டியூப் பொருத்தப்பட்டது. விழாவில் கடைக்காரரும் ஒரு நாயும் கலந்துகொண்டனர். நாய் சிறப்புரை ஆற்றியது.

இந்த டியூப்புக்கு வரலாற்றில் இடம் கிடைக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது. பதினொரு மணிக்கு மணப்பட்டிலிருந்து அன்பு கூப்பிட்டான். அன்பு என் வகுப்புத் தோழன். வாரநாட்களில் வில்லியனூரில் அத்தை வீட்டில் தங்கிப் படிப்பான், சனி ஞாயிறு ஊருக்குப் போய்விடுவான். அவனுடைய பெரியப்பா வெள்ளிக்கிழமை சாயங்காலம் இறந்துவிட்டார் என்பது எனக்கு முன்பே தெரியும். எடுக்கும்போது போக வேண்டும் என்றுதான் இருந்தேன். ஆனால் அவன் கூப்பிட்டது வேறு விஷயத்துக்கு.

"டேய், ஆப்ல பாத்தியா? நாளைக்கு எட்டாம் வலைன்னு காட்டுது. எங்க முறை போயிடுச்சிடா."

வழி சொல்வதற்கு முன் இதை விளக்கிவிடுகிறேன். மணப்பட்டில் கரைவலை, அதாவது கடலில் வளைத்துப் போட்டுக் கரையில் நின்று இழுக்கும் வலை, போடுகிறவர்கள் பதினான்கு குழுக்கள். ஒரு நாளைக்கு ஒரு வலைதான். ஆக ஒரு முறை வந்தால் அடுத்தது இரண்டு வாரம் கழித்து. முன்பு இதை ஒரு நோட்டில் எழுதிவந்தார்கள். போன வருஷம் நோட்டில் யாரோ ஒரு பெயரை அடித்து வேறு பெயர் எழுத, ஊரே இரண்டாகி அடிதடி வரைக்கும் போனது. அப்போதுதான் அன்பு கூப்பிட, ஊர்க் கூட்டத்தில் நான் மேடையேறினேன். ஒப்பந்தத்தை நிரலாக எழுதி பிளாக்செயினில் ஏற்றிவிட்டால் அது தானாக நடக்கும், அதற்கு ஸ்மார்ட் கான்ட்ராக்ட் என்று பெயர், ஒரே கணக்கு ஆயிரம் கணினிகளில் இருப்பதால் எவனும் திருட்டுத்தனமாக அடித்து எழுத முடியாது என்று பேசினேன். பதினான்கு வலைக்கும் ஒரே ஒரு டோக்கன். தினமும் காலை ஐந்து மணிக்கு அது அடுத்த வலைக்குத் தானாகக் கைமாறும். டோக்கன் யாரிடமோ, அன்றைய கடல் அவருடையது. "ரேஷன் கடை டோக்கன் மாதிரியா?" என்று ஒருவர் கேட்டார். "அதே மாதிரிதான், ஆனா இதுல ஆள் வச்சு இடம் பிடிக்க முடியாது" என்றேன். கைதட்டினார்கள். அந்த மொத்த நிரலையும் தனியொருவனாக நான்தான் எழுதினேன் என்பதைத் தன்னடக்கத்துடன் இங்கே பதிவு செய்கிறேன்.

சிக்கல் எங்கே என்றால், ஊரில் ஒரு சாவு விழுந்தால் எடுக்கிற நாளில் கரையில் ஒரு வலையும் இறங்காது. அந்த நாள் கணக்கில் வராது. அன்றைக்கு முறை யாருடையதோ, மறுநாள் அவர்களுக்கே. நோட்டு இருந்த காலத்தில் அதே பெயரை மறுநாளும் எழுதிவிடுவார்கள், தீர்ந்தது. ஆனால் என் கான்ட்ராக்ட்டுக்குச் சாவு தெரியாது, விடிந்தால் ஐந்து மணி என்பது மட்டும்தான் தெரியும். சனிக்கிழமை முறை அன்பு வீட்டு ஏழாம் வலைக்கு. சனிக்கிழமைதான் அவன் பெரியப்பாவை எடுத்தார்கள். ஞாயிறு காலை டோக்கன் எட்டாம் வலைக்குப் போய்விடும். கரையோரம் நெத்திலி வந்திருக்கும் வாரம். ஏழாம் வலையை நம்பி ஒன்பது வீடுகள். இரண்டு வாரம் கழித்து நெத்திலி இருக்காது.

ஆப்பில் உள்ளதைத் திருத்த ஒரே வழி: சாவி, அதாவது மாற்றம் செய்வதற்கான ரகசிய எண், வைத்திருக்கும் ஐந்து பேரில் மூவர் தங்கள் கைபேசியில் ஒப்புதல் தர வேண்டும். அதுவும் முந்தைய நாள் மாலை ஆறு மணிக்குள். ஐவரில் அன்புவும் ஒருவன், ஆனால் தன் வலை விஷயத்தில் தானே ஒப்புதல் தரக் கூடாது. இன்னொருவரின் கைபேசி போன மாதம் கடலில் விழுந்துவிட்டது, சாவியும் அதோடு போனது. மீதி மூவர்: நான், பாகூரில் ரகு அண்ணன், மணப்பட்டில் எட்டாம் வலைக்குச் சொந்தக்காரரான செல்வி அக்கா. ரகு அண்ணன் இரண்டு நாளாகப் போனை எடுக்கவில்லை. செல்வி அக்கா எடுத்தார், "எதுவா இருந்தாலும் நேர்ல வந்து பேசு" என்று வைத்துவிட்டார். நான் என் ஒப்புதலை அழுத்திவிட்டு, 11:40க்குக் கிளம்பினேன். ஆறு மணிக்குள் முடித்தே தீருவது என்று.

வில்லியனூரிலிருந்து மங்கலம், ஏம்பலம், கரிக்கலாம்பாக்கம் வழியாகப் பாகூர், என் கைபேசிக் கணக்கில் 17 கிலோமீட்டர். சங்கராபரணியைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் வயல், காற்று எதிரே அடிக்காவிட்டால் சுகமான வழி. அன்று எதிரேதான் அடித்தது. ஏம்பலத்துக்கு அரைக் கிலோமீட்டர் முன்னால், 12:35க்கு, மேற்படி புது டியூப் வீரமரணம் அடைந்தது. தள்ளிக்கொண்டே போய் ஏம்பலம் பஞ்சர் கடையில் விட்டேன்.

"புது டியூப்தான் தம்பி. உள்ள முள்ளு அப்படியே கீது. டயர தடவிப் பாக்காம மாட்டிட்டான்" என்றார் கடைக்காரர்.

"எவ்ளோ நேரம் ஆவும்ணா?"

"சாப்ட்டு வந்து பாக்கறன்."

அவர் சாப்பிட்டு வரும்வரை பிளாக்செயின் காத்திருக்காது. 1:05க்கு ஒரு தனியார் பேருந்து வந்தது, பாகூருக்குப் பதினைந்து ரூபாய். நடத்துநர் என் கையைப் பார்த்தார். "இன்னாப்பா, கையெல்லாம் கிரீசு. சீட்ட தொடாத" என்றார். பாகூர் வரை நின்றுகொண்டே போனேன். சைக்கிள் சங்கிலியின் கறை கையில், பிளாக்செயின் என்ற சங்கிலியின் கறை மனதில்.

1:45க்குப் பாகூர். ரகு அண்ணன் என் பெரியம்மா மகன். ஏரிக்கரைப் பக்கம் ஒரு கணினி மையம் வைத்திருக்கிறார். இரண்டு வருஷத்துக்கு முன் அதன் பின்னறையில் கிரிப்டோ மைனிங் செய்தார். தோண்டுவது என்றால் மண்வெட்டி இல்லை. ஆறு கிராஃபிக்ஸ் அட்டைகளை ஓர் இரும்புச் சட்டத்தில் மாட்டி, இரவும் பகலும் கணக்குப் போடவிட்டு, நாணயம் விழுமா என்று பார்ப்பது. நாணயத்தைவிட மின்கட்டணம்தான் வேகமாகத் தலையில் விழுந்தது. அறை அடுப்பு மாதிரி கொதித்ததால் பெரியம்மா அதில் மிளகாய் காயவைத்தார். இப்போது அண்ணன் அட்டைகளை விற்றுவிட்டார். சட்டத்தில் பல்பு கட்டிக் கோழிக்குஞ்சு வளர்க்கிறார்.

"போன் எங்கண்ணா?"

"செத்துப் போச்சி. புதுசு நேத்துதான் வாங்கினேன், சிம் இன்னும் மாட்டல. அதுல அந்தச் சாவி இல்லடா."

கைபேசி போனாலும் சாவியை மீட்கலாம், பன்னிரண்டு ரகசியச் சொற்கள் தெரிந்தால். அதைத் தாளில் எழுதி வைத்திருப்பதாகச் சொன்னார். எங்கே என்றால், சாமி படத்துக்குப் பின்னால். எடுத்துப் பார்த்தோம். ஆயுத பூஜை அன்று முக்கியமான தாள் எல்லாவற்றுக்கும் பெரியம்மா சந்தனம் குங்குமம் வைத்திருக்கிறார். இதற்கும் நடுவில் வைத்திருக்கிறார். நான்காவது சொல்லில் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும்தான் மிச்சம்.

"எல்லாத்துக்கும் வச்சேன், இதுக்கு மட்டும் வைக்காம வுட்டா நல்லாவா இருக்கும்?" என்றார் பெரியம்மா, எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு.

நல்லவேளை, அந்தச் சொற்கள் எல்லாம் ஒரு குறிப்பிட்ட பட்டியலிலிருந்து மட்டுமே வரும். அந்த முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் உள்ளவற்றை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். பதினொன்றாவது சொல்லுக்குத் திறந்தது. மணி 2:50. ரகு அண்ணன் ஒப்புதலை அழுத்திவிட்டு, ஏதோ யோசனையில் கான்ட்ராக்ட்டின் நிரலைத் திறந்து மேலும் கீழும் ஓட்டினார்.

"இங்க ஒரு வரி இருந்துச்சே. எங்கடா அது?"

நான் கோழிக்குஞ்சுகளின் உடல்நலம் பற்றி விசாரித்தேன்.

"மாத்தவே முடியாதுன்னு பெருமையா சொல்றானுங்க. தப்பா எழுதினா அந்தத் தப்பையும் மாத்த முடியாதுல்ல?" என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இந்தத் துறையில் பெரிய ஆட்கள் எல்லாம் சண்டை போடும் விஷயம் இதுதான். எழுதிய நிரலே சட்டம் என்கிறது ஒரு கட்சி. மனிதர்கள் தலையிட ஒரு கதவு வேண்டும் என்கிறது இன்னொரு கட்சி. நான் அன்று எந்தக் கட்சியிலும் இல்லை. கன்னியக்கோயில் போகும் ஷேர் ஆட்டோவைப் பிடிக்கும் கட்சி.

3:15க்கு ஆட்டோ, இருபது ரூபாய். கன்னியக்கோயிலில் இறங்கி மணப்பட்டுக்கு இரண்டரைக் கிலோமீட்டர் நடை. சவுக்குத் தோப்பு வரும்வரை நிழலே கிடையாது, தண்ணீர் எடுத்துப்போங்கள். 4:20க்கு ஊருக்குள் நுழைந்தேன். முதலில் சாவு வீட்டுக்குத்தான் போனேன். எடுத்து முடித்திருந்தார்கள். அன்புவின் அப்பா பந்தலில் உட்கார்ந்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். வலையைப் பற்றிக் கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

செல்வி அக்கா கரையில் இருந்தார். அவர் கணவர் தவறிய பிறகு எட்டாம் வலையை அவர்தான் நடத்துகிறார். கயிற்றைச் சரிபார்த்துக்கொண்டே என்னிடம் பேசினார்.

"வாடா விஞ்ஞானி. இன்னா விஷயம்?"

சொன்னேன்.

"போன வருஷம் நோட்டுல அடிச்சாங்களே, அது யாரு பேருன்னு தெரியுமா உனக்கு?"

தெரியாது என்றேன்.

"என் பேரு. கேட்டா, பொம்பளைக்கு இன்னா தெரியும்னாங்க. அதுக்குத்தான் நீ மேடையில பேசினப்ப மொத ஆளா கை தூக்கினேன். எவனும் அடிக்க முடியாதுன்னு சொன்ன இல்ல? இப்ப நீயே ரப்பர் எடுத்துகினு வந்து நிக்கிற."

"அக்கா, சாவுக்காக..."

"சாவுன்னா முறை நிக்கும், எனக்கும் தெரியும். அதே கரையிலதான் நானும் பொறந்தேன். ஆனா இன்னிக்கு சாவுக்காக மாத்துவ. நாளைக்கு எவனாவது வேற ஒன்னு சொல்லுவான், அதுக்கும் மாத்துவ. அப்புறம் போனுக்கும் நோட்டுக்கும் இன்னா வித்தியாசம்?"

மணி 5:10. கரையில் இருந்த மற்ற இரண்டு பெண்களும் வேலையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். வழக்கமாக இப்படி மாட்டினால் ஒரு ஜோக் அடித்துத் தப்பிப்பேன். அன்பு அப்பாவின் கை இன்னும் என் கையில் இருக்கிற மாதிரி இருந்தது. அதனால் செல்வி அக்காவிடம் ஒரு உண்மையைச் சொன்னேன். நான்கு வாக்கியம் இருக்கும். அது என்ன என்று கடைசியில் எழுதுகிறேன், தைரியம் வந்தால்.

அவர் கயிற்றைக் கீழே வைத்தார்.

"அப்ப தப்பு போன்ல இல்ல. உன் வாயில."

"ஆமாக்கா."

"அந்த வரிய திருப்பிப் போடுவியா?"

"ரகு அண்ணன் புதுசா எழுதித் தருவாரு. நீங்க பாத்து சரின்னு சொன்னாதான் ஏத்துவோம்."

"பதினாலு வலைக்காரங்க முன்னாடியும் இப்ப என்கிட்ட சொன்னதைச் சொல்லணும்."

"சொல்றேன்."

"எனக்கு இப்ப எத்தினி நாள் தள்ளிப் போவும்?"

"ஒரே நாள்தான்க்கா. திங்கக்கிழமை உங்களுது. எல்லாருக்கும் ஒவ்வொரு நாள் தள்ளும், அவ்ளோதான்."

"ஒரு நாள்தானா? அத மொதல்ல சொல்றதுக்கு இன்னா? அரை மணி நேரமா சாமி வந்தவன் மாதிரி நிக்கிற." கைபேசியை மடியிலிருந்து எடுத்தார். "எங்க அழுத்தணும், காட்டு."

5:38. மூன்றாவது ஒப்புதல். டோக்கன் ஏழாம் வலையிலேயே நின்றது.

ஞாயிறு காலை அன்பு ஒரு படம் அனுப்பினான். அவன் அப்பா இறங்கவில்லை. மற்ற எட்டு வீட்டு ஆட்கள் இழுத்தார்கள். ஆள் குறைவாக இருந்ததால் எட்டாம் வலை ஆட்களும் கயிற்றைப் பிடித்தார்களாம், செல்வி அக்காதான் அவர்களை அனுப்பினாராம். படத்தில் நெத்திலி வெள்ளையாகக் குவிந்திருந்தது.

இந்த வழியில் போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். நான் மணப்பட்டிலிருந்து 6:10க்குக் கிளம்பி, கன்னியக்கோயிலில் புதுச்சேரி பேருந்து பிடித்து, அங்கிருந்து வில்லியனூர் வந்து சேர எட்டரை ஆனது. சைக்கிளை மறுநாள் போய் எடுத்தேன், பஞ்சருக்கு ஐம்பது ரூபாய். புது டியூப் மாட்டும்போது டயரின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். பாகூர் ஏரிக்கரையில் மாலை நேரம் நன்றாக இருக்கும் என்கிறார்கள், எனக்குப் பார்க்க நேரமில்லை. உங்கள் ஊரில் ஸ்மார்ட் கான்ட்ராக்ட் எழுதப் போகிறீர்கள் என்றால், ஊரில் எந்தெந்த நாளில் வேலை நிற்கும் என்று முதலில் கேளுங்கள். பன்னிரண்டு ரகசியச் சொற்களைத் தாளில் எழுதுங்கள், பூஜைக்கு வைக்காதீர்கள்.

சரி, அந்த உண்மை.

மேலே, மொத்த நிரலையும் தனியொருவனாக எழுதினேன் என்று பதிவு செய்திருந்தேன் அல்லவா. கான்ட்ராக்ட்டில் இருந்தது இருநூற்றுப் பதினொரு வரி. அத்தனையும் ரகு அண்ணன் எழுதியது. மணப்பட்டில் சாவு விழுந்தால் கரை மூடும் என்று அன்பு அப்போதே சொல்லியிருந்தான். அதற்கும் அவர் ஒரு வரி வைத்திருந்தார். ஐவரில் யாராவது ஒருவர் 'கரை மூடல்' என்று அழுத்தினால் போதும், அந்த நாள் எண்ணிக்கையில் வராது. ஆனால் அதற்குள் நான் மேடைக்கு ஃபிளெக்ஸ் அடித்துவிட்டேன். என் படத்துக்குக் கீழே 'யாராலும் நிறுத்த முடியாது' என்று பெரிய எழுத்தில். நிறுத்துவதற்கு ஒரு பொத்தான் இருந்தால் ஃபிளெக்ஸ் பொய்யாகிவிடும். புது ஃபிளெக்ஸ் அடிக்கக் கையில் காசில்லை. அதனால் ஏற்றுவதற்கு முந்தைய நாள் வரியை எடுத்துவிட்டேன்.

ஆக, அந்த இருநூற்றுப் பதினொரு வரியில் என் பங்கு ஒன்றே ஒன்று. அதுவும் எழுதியது இல்லை, அழித்தது.

செல்வி அக்காவிடம் இதைச் சொல்லும்போது நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, அவருடைய வலைக் குவியலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் படாமல் இருக்க அதன்மேல் அந்த ஃபிளெக்ஸைத்தான் போர்த்தியிருந்தார்கள். என் முகம் உள்பக்கமாக இருந்தது.