சங்கிலிக்காரர் கமாயிஸ்

எங்கள் தீவில் கமாயிஸிடம் ஒரு முறையாவது கெஞ்சாத ஆளே கிடையாது. படகுத்துறையின் சங்கிலி அவர் பொறுப்பு. சரிவின் குறுக்கே கிடக்கும் அந்தச் சங்கிலியை அவர் கழற்றினால் வண்டிகள் ஃபெர்ரியில் ஏறும். கழற்றாவிட்டால் கல்யாண மாப்பிள்ளையானாலும் சரி, அதிகாரியின் காரானாலும் சரி, வரிசையில் காய வேண்டியதுதான். நான் ஷெத்லியா. இருபத்திரண்டு வருஷமாக அந்தச் சரிவோரம் காப்பிக்கடை வைத்திருக்கிறேன். அவரைப் பற்றி ஊர் பேசுவதில் பாதி வெறும் வாய்க்கொழுப்பு. நடந்ததைப் பார்த்தவள் நான்.

அவருடைய அப்பா காலத்தில் இங்கே பாய்மரப் படகுகள்தான். ஆடும் கடற்பஞ்சும் காயவைத்த பேய்க்கணவாயும் எதிர்க்கரை நகரமான ஸ்ஃபாக்ஸுக்குப் போகும். மாவும் துணியும் திரும்பி வரும். தீவைச் சுற்றி வெகுதூரம் முழங்கால் தண்ணீர். போக வர ஒரே ஒரு ஆழமான கால்வாய். அதன் இருபக்கமும் பேரீச்சை மரத்தடிகளை நட்டிருப்பார்கள். ஒரு கல்யாணக் கூட்டம் படகோடு மூழ்கிய பிறகு, மூன்றாவது தடியில் வெள்ளைக் கோடு ஒன்று போட்டார்கள். அடுத்தடுத்து மூன்று அலை அந்தக் கோட்டை மூடினால் யாரும் கிளம்பக் கூடாது. பிறகு இரும்பு ஃபெர்ரி வந்தது. கூடவே காற்றை அளக்க ஒரு கருவியும் வந்தது. இரண்டு குளிர்காலத்தில் அது துருப்பிடித்து விழுந்தது, மாற்ற யாருக்கும் மனம் வரவில்லை. மறுபடி எல்லோரும் கோட்டுக்கே வந்து சேர்ந்தார்கள். அந்தத் தடி சரிவின் நுனியிலிருந்தும் என் கடையின் பின் ஜன்னலிலிருந்தும்தான் தெரியும். கப்பல் தலைவருக்குக்கூடத் தெரியாது. கமாயிஸ் பார்த்துச் சொன்னால் சொன்னதுதான்.

தீவுக்குள் வரும் குளிர்பெட்டி, கேஸ் சிலிண்டர், பள்ளிக்கூட வாத்தியார், புதுப்பெண், சவப்பெட்டி எல்லாம் அந்தச் சரிவில்தான் இறங்க வேண்டும். போகிறவர்களும் அங்கேதான் ஏற வேண்டும். போகிறவர்கள் வருஷத்துக்கு வருஷம் கூடினார்கள். திரும்பி வருகிறவர்கள் பெரும்பாலும் பெட்டியில் வந்தார்கள்.

எட்டு வருஷத்துக்கு முன் ஒரு ஜனவரியில், மீன்பிடிக்கிற தையிப் தன் மகள் நஜ்லாவை வண்டியில் போட்டுக்கொண்டு வந்தார். குடல்வால் வெடித்திருந்தது. கமாயிஸ் போய்க் கோட்டைப் பார்த்தார், திரும்பி வந்து முடியாது என்று தலையாட்டினார். நான் அந்த வண்டியோரம் நின்றிருந்தேன், ஜன்னல் பக்கம் போகவில்லை. தையிப் அவர் காலைப் பிடித்தார். சங்கிலி கழலவில்லை. மறுநாள் காலையில் அந்தப் பெண் இறந்துபோனாள். அதற்கப்புறம் தையிப் கமாயிஸுக்கு ஸலாம் சொன்னதில்லை. ஆனால் அவர்மேல் பழி சொன்னதும் இல்லை. “கோடு மூடியிருந்துது. அவன் என்ன பண்ணுவான்?” என்றுதான் என்னிடம் சொல்வார்.

போன வருஷம் கமாயிஸின் மனைவி மஹ்பூபாவுக்குச் சிறுநீரகம் கெட்டது. வாரம் மூன்று நாள் ஸ்ஃபாக்ஸில் டயாலிசிஸ். முதல் வண்டியில் வந்து உட்கார்ந்து என்னிடம் காப்பி கேட்பாள். அரைக் குவளைதான் கொடுப்பேன், அந்த நோய்க்குத் தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும்.

“முப்பது வருஷம் இந்த ஆளு சங்கிலியக் கட்டிக்கிட்டு வாழ்ந்தாரு. நான் சும்மா வந்து போற பயணிடீ, ஷெத்லியா” என்பாள், அவருக்குக் கேட்கிற மாதிரி.

“வாய மூடிக்கிட்டு ஏறு. வண்டிக வரிசையில நிக்குது” என்பார் அவர். சிரிப்பை அடக்கத் தெரியாது அவருக்கு.

பிப்ரவரியில் வடமேற்குக் காற்று பிடித்தது. நான்கு நாள் ஃபெர்ரி இல்லை. மஹ்பூபாவுக்கு இரண்டு முறை டயாலிசிஸ் தவறியது. ஐந்தாம் நாள் காலையில் அவளை வண்டியில் சாய்த்துக் கொண்டுவந்தார்கள். கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. மூச்சுக்குத் திணறினாள். பின்னால் நாற்பது வண்டி. எல்லோரும் கமாயிஸின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தையிப் அப்போது என் கடைக்குள், பின் ஜன்னலோரம் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். நானும் எட்டிப் பார்த்தேன். முதல் அலை கோட்டை மூடியது. இரண்டாவதும் மூடியது. மூன்றாவது அலை ஒரு சாண் கீழேயே உடைந்தது. வெள்ளை பளிச்சென்று தெரிந்தது.

கமாயிஸ் சரிவில் நடந்து வந்தார். மேலிருந்து கப்பல் தலைவர் கத்தினார்: “என்னண்ணே, கிளம்பலாமா?”

“மூடியிருக்கு” என்றார் கமாயிஸ்.

நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன். “அண்ணே, கோடு தெரிஞ்சுதே!”

“மெதுவாப் பேசு. முதல் வண்டில யாரு உட்கார்ந்திருக்கா பாத்தியா? இப்பத் திறந்தா, பொண்டாட்டிக்காகத் திறந்தான்னு ஊரு பேசும். தையிப் மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது? ஒரு மணி நேரம் போகட்டும். நல்லா தெளிஞ்சுரும். யாரும் ஒண்ணும் சொல்ல முடியாம திறக்கிறேன்.”

நான் அப்போது கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. அந்தப் பாவத்தில் எனக்கும் பங்குண்டு. ஒரு மணி நேரத்தில் கடல் தெளியவில்லை. காற்று மறுபடி ஏறி, அலைக்கு அலை கோட்டை மூடியது. மஹ்பூபா இரண்டு முறை கண்ணாடியைத் தட்டி, “இன்னும் இல்லையாய்யா?” என்று கேட்டாள். அப்புறம் தட்டவில்லை. மாலை நான்கு மணிக்குக் கோடு தெரிந்த பிறகுதான் அவர் சங்கிலியைக் கழற்றினார். ஃபெர்ரி பாதித் தூரம் போவதற்குள் அவள் உயிர் போய்விட்டது. மறுநாள் அதே சரிவில் பெட்டியாக இறங்கினாள்.

மூன்றாம் நாள் கமாயிஸ் வீட்டில் துக்கம் கேட்க வந்தவர்களுக்குக் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தேன். தையிப் வாசலில் வந்து நின்றார். எட்டு வருஷம் கழித்து அந்த வீட்டுக்குள் கால் வைத்தார். கமாயிஸ் எழுந்து கையை நீட்டினார். தையிப் கையைப் பிடித்துக்கொண்டார், விடவில்லை.

“அல்லாஹ் அவளுக்கு இரக்கம் காட்டட்டும். ஒண்ணு கேக்கணும், கமாயிஸ். அன்னைக்குக் காலையில மூணாவது அலை கோட்ட மூடல. ஷெத்லியா கடையிலேர்ந்து நானும் பாத்தேன்.”

கமாயிஸ் கையை உருவப் பார்த்தார். தையிப் பிடியை இறுக்கினார்.

“சொந்தப் பொண்டாட்டி விஷயத்துலயே பொய் சொல்லியிருக்க. அப்ப என் நஜ்லாவுக்கு? அன்னைக்கு நிஜமாவே மூடியிருந்துதா?”

“மூடியிருந்துது, தையிப். மூணு அலையும். சத்தியமா.”

“எட்டு வருஷமா உன் மேல வெறுப்புதான். ஆனா உன்ன நம்பினேன்யா. கோடு மூடியிருந்துதுன்னு நம்பித்தான் ராத்திரி தூங்கினேன். இனிமே நான் என்னத்த நம்பித் தூங்குறது?”

கையை விட்டுவிட்டு வெளியே போனார். கமாயிஸ் வாசல்வரை பின்னாலேயே போய், குர்ஆன் மீது, இறந்த மஹ்பூபா மீது என்று திரும்பத் திரும்பச் சத்தியம் செய்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். “நீயாச்சும் நம்புறியா, ஷெத்லியா?”

நம்புகிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை.