டீசல் டாங்கும் என் எம்.எஸ்ஸி. கணிதமும்

கணிதம் படித்துவிட்டு வளைகுடாவுக்கு வந்தவனிடம் கூட்டலைத் தவிர வேறு எதையும் யாரும் கேட்பதில்லை. அப்படி அவதிப்பட்ட உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: இதன் தொடக்கம் நான் கண்ணால் கண்டதல்ல, மெஸ்ஸில் காதால் கேட்டது.

ஏஜென்ட்

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். சென்னையில் ஆள் எடுக்க வந்த ஏஜென்டிடம் சான்றிதழை இரண்டு கைகளாலும் நீட்டினேன். வெல்டிங் தெரியுமா என்றார். டிரைவிங்? எதுவும் தெரியாது, கணிதத்தில் முதல் வகுப்பு என்றேன். சான்றிதழின் பின்பக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்: "தலை கிடக்கட்டும் தம்பி, கை என்ன செய்யும்?"

கை ராசி

எழுபதுகளின் நடுவில், சவுதியில் அல் கோபாருக்கு வெளியே ஒரு கட்டுமான கேம்ப்பில், ஆட்களின் வேலை நேரத்தைக் குறிக்கும் டைம்கீப்பர் ஆனேன். நான் சேருமுன்பே அங்கே ஒரு 'திருடன்' இருந்தார்: டீசல் பம்ப் பார்க்கும் சாகுல் பாய், அதிராம்பட்டினத்துக்காரர்.

மெஸ்ஸில் சொன்ன கதை இது. டீசல் டாங்க், பெரிய பீப்பாயைப் படுக்கப் போட்டதுபோல் இருக்கும். அதற்குள் ஒரு குச்சியை விட்டு, ஈரம் எந்தக் கோடுவரை என்று பார்ப்பார்கள். கோடுகள் சம இடைவெளியில் போட்டவை. டாங்கை முக்கால் கோடுவரைதான் நிரப்புவார்கள். அதிலிருந்து கால் கோடு இறங்கும்வரை இன்னொரு பம்ப் ஆளான வர்கீஸ் டியூட்டி. அடியில் மிஞ்சியது சாகுல் பாய்க்கு. வர்கீஸ் வண்டிகளுக்கு ஊற்றியது எப்போதும் குச்சி சொன்னதைவிட அதிகம். சாகுல் பாய் ஊற்றியது எப்போதும் குறைவு. கேம்ப் மேனேஜர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "வர்கீஸுக்குக் கை ராசி, அந்த ஆளுக்குக் கை நீளம்."

லெட்டர்

நான் சேர்ந்த மூன்றாம் வாரம், சாகுல் பாயை ஊருக்கு அனுப்ப லெட்டர் டைப் ஆனது. அவரே என் ரூமுக்கு வந்தார். "போறது போறேன் தம்பி. திருடன்னுல்ல அனுப்புறாங்க! மகளுக்கு மாப்பிள்ளை பேசி வச்சிருக்கேன்."

படுத்திருக்கும் டாங்க் நடுவில் அகலம், அடியில் குறுகல். கால் உயரத்தில் கால் பங்கு டீசல் இருக்காது. இதற்கு ஆறு வருடப் படிப்புகூட வேண்டாம். நானோ புரொபேஷனில் இருந்தவன். பயந்துகொண்டேதான் மேனேஜரிடம் போய்ப் படம் வரைந்து காட்டினேன். இருவர் டியூட்டியையும் ஒரு வாரம் மாற்றிப் பாருங்கள் என்று கெஞ்சினேன். மாற்றினார். சாகுல் பாய் கையில் டீசல் பெருகியது. வர்கீஸ் கையில் குறைந்தது. குச்சியைச் சந்தேகிக்க மேனேஜருக்கு அப்போதும் தோன்றவில்லை. "அப்போ ரெண்டு பேரும் கூட்டுக் களவாணிங்க!"

பத்தாவது பீப்பாய்

அதன்பிறகு எனக்குப் பயம் போய்விட்டது. டாங்க் காலியான அன்று மேனேஜரைக் கையோடு கூட்டிப்போய் நிறுத்தினேன். பத்தாயிரம் லிட்டர் டாங்க். கால் பங்குக்கு இருநூறு லிட்டர் பீப்பாய் பன்னிரண்டரை வேண்டும். சாகுல் பாயும் வர்கீஸும் ஊற்றினார்கள். பத்தாவது பீப்பாய் தீருமுன்பே கால் கோடு நனைந்துவிட்டது.

மேனேஜர் குச்சியைத் துடைத்துத் துடைத்து மூன்று முறை விட்டுப் பார்த்தார். லெட்டரைக் கிழித்தார். சாகுல் பாயிடம் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. என்னிடம் சொன்னது இதுதான்: "இதுக்குப் போய் எம்.எஸ்ஸி. எதுக்குய்யா? பத்துப் பீப்பாய் போதுமே!"

பிறகு நானே விசாரித்தேன்: எங்கள் கம்பெனியின் மற்ற இரண்டு கேம்ப்களிலும் படுத்த டாங்க்தான், சமக்கோட்டுக் குச்சிதான், அங்கிருந்து எத்தனை பேர் திருடர்களாக ஊர் திரும்பினார்கள் என்ற ஒரு கூட்டலை மட்டும் யாரும் என்னிடம் கேட்கவில்லை.