பகலில் தாழிட்ட அறை

பட்டப்பகலில் ஒரு மனிதன் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டால் அவன் சாகப்போகிறான் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். நாற்பத்து மூன்று வயதுவரைக்கும் நம்பினேன். செந்துறைப் பக்கம் பிறந்தவனுக்கு வேறு எப்படித் தோன்றும்? எங்கள் ஊரில் பகல் நேரத்துக் கதவு என்பது சுவரோடு சாய்ந்து நிற்கும் ஒரு பலகை. கோழி வரும், நாய் வரும், உறைமோர் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரி வருவாள். யாராவது கதவைச் சாத்திவிட்டால் கால் மணி நேரத்தில் தெரு கூடிவிடும். புதிதாகக் கல்யாணமானவர்கள்கூட இருட்டும்வரை பொறுத்துக்கொண்டார்கள். ஆகவே பகலில் தாழ்ப்பாள் என்றால் எனக்கு ஒரே ஒரு அர்த்தம்தான்.

எழுபதுகளின் கடைசியில், என் மனைவிக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்த வருஷம் அது. திருச்சி ஆஸ்பத்திரியில் ஒரு மாதத்துக்கு மேல் கிடந்தாள். பிழைத்தால் முடி தருகிறேன் என்று சமயபுரத்தாளிடம் சொல்லியிருந்தேன். பிழைத்தாள். முடியும் கொடுத்தேன். அத்தோடு சந்தோஷம் வரவேண்டும் இல்லையா? வரவில்லை. துக்கமும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி உடம்பு முழுக்க மரத்துப் போயிருந்தது. ஆபீஸில் நான்தான் கோமாளி. பழைய ஜோக்குகளை வரிசையாகச் சொன்னேன், எல்லாரும் சிரித்தார்கள். நான் பைலைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

மனைவிக்குத்தான் பொறுக்கவில்லை.

"என்னங்க இது, மொகத்த இப்புடி வச்சிருக்கீங்க? நான் செத்துட்டேன்னு நெனப்பா? இந்தா உசுரோடதான ஒக்காந்திருக்கேன். ரெண்டு நாளு எங்கயாவது போயி கடல் கிடல் பாத்துட்டு வாங்க. என்னையே வெறிச்சு வெறிச்சுப் பாத்தா எனக்கே சந்தேகமா இருக்கு."

போனேன். அரியலூரில் ஏறி, ஜெயங்கொண்டம், கும்பகோணம், மாயவரம் என்று பஸ் மாறி மாறி, தரங்கம்பாடிக்குத் தெற்கே ஒரு கடலோர ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன். கடைசி பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இன்னொரு மொட்டைத் தலை. புத்தம் புதியது, காதோரம் பிளேடு கீறல்கூட ஆறவில்லை. ஐம்பதை ஒட்டிய வயது, கையில் ஒரு மஞ்சள் பை. அவர் ஒரு தடவை திரும்பி என் தலையைப் பார்த்தார். நான் அவர் தலையைப் பார்த்தேன்.

அந்த ஊரில் லாட்ஜ் என்று இருந்தது ஒன்றே ஒன்று. ஓட்டுக் கூரை, ஆறு அறைகள், உப்புக்காற்றில் துருப்பிடித்த ஜன்னல் கம்பிகள். முதலாளியே மேனேஜர், அவர் மனைவியே சமையல். நான் போய் நின்றதும் அவர் நோட்டைத் திறக்கவே இல்லை.

"தனி ஆளுக்கு ரூம் குடுக்கறதில்லீங்க சார்."

"ஏங்க?"

"ரெண்டு வருசத்துக்கு முன்னாடி ஒருத்தர் தனியா வந்தாரு. ரொம்ப நல்லாதான் பேசுனாரு. காபி நல்லாருக்குன்னு சொன்னாரு. மறுநாளு போலீசு, பஞ்சாயத்துன்னு ஊரே இங்கதான். அந்த ரூம்ல இப்ப வெங்காயம் கொட்டி வச்சிருக்கேன். தப்பா நெனச்சுக்காதீங்க."

அப்போது எனக்குப் பின்னால் மஞ்சள் பைக்காரர் வந்து நின்றார். முதலாளி அந்த மொட்டையைப் பார்த்தார். இந்த மொட்டையைப் பார்த்தார். அவர் முகம் அப்படியே இளகிப்போனது.

"அடடா. அண்ணன் தம்பிங்களா? கடல்ல கரைக்க வந்தீங்களா? அப்பாவா, அம்மாவா?"

அடுத்த பஸ் மறுநாள் காலையில். என் நாக்கு என்னைக் கேட்கவே இல்லை.

"அம்மா" என்றேன்.

அந்த நிமிஷத்தில் என் அம்மா ஆண்டிமடத்தில் என் தம்பி வீட்டு வாசலில் முந்திரிக்கொட்டையைக் காயப்போட்டுவிட்டுக் காக்கையைத் திட்டிக்கொண்டிருந்திருப்பாள். அவளுக்கு ஒரு தும்மலாவது வந்திருக்கும். பக்கத்தில் நின்றவர் என்னைப் பார்த்தார். மறுக்கவில்லை. "ம்" என்றார். நோட்டில் என் பெயரை எழுதி, அதன் கீழே 'உடன் தம்பி' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். வயதில் என்னைவிட ஆறேழு வருஷமாவது மூத்த தம்பி.

அறைக்குள் போனதும் அவர் கேட்டார்: "எதுக்குங்க அப்புடிச் சொன்னீங்க?"

"ரூம் கெடைக்கணும்ல."

"சரி" என்றார். கொஞ்சம் கழித்து, "வாலிகண்டபுரம்" என்றார். சொந்த ஊர் என்று புரிந்துகொண்டேன். பெயரை அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்டால் என் அம்மாவைப் பற்றி அவர் கேட்டுவிடுவாரோ என்று பயம்.

பொய்க்குத் தண்டனை சாப்பாட்டு நேரத்தில் வந்தது. சமையற்கட்டில் நெத்திலி வறுபடும் வாசனை மூக்கைப் பிடுங்கியது. எங்கள் இலையில் மட்டும் தாளிக்காத ரசமும் வெறுஞ்சோறும். துக்கக்காரர்களுக்கு என்று முதலாளியின் மனைவி தனியாகச் செய்தாளாம். அவ்வளவு நல்ல மனசு. நான் என் அம்மாவைச் சபித்துக்கொண்டே பிசைந்தேன்.

அந்த நல்ல மனசு அத்தோடு நிற்கவில்லை. நான் ஊர்ப் பழக்கத்தில் அறைக் கதவை விரியத் திறந்து வைத்திருந்தேன். வெந்நீர் கொண்டுவந்தபோது ஒரு முறை, கொசுவத்தி கொண்டுவந்தபோது ஒரு முறை, சும்மா ஒரு முறை என்று அந்த அம்மாள் வாசற்படியில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மாவுக்கு என்ன வயசுண்ணே? படுத்துக் கெடந்தாங்களா, பட்டுன்னு போயிட்டாங்களா? கடைசியா என்ன கேட்டாங்க?"

நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அம்மாவுக்கு எழுபத்தைந்து வயது கொடுத்தேன். கடைசியாக இளநீர் கேட்க வைத்தேன். அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒவ்வொரு முறை அவள் வரும்போதும் 'தம்பி' படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்தார். அவள் போனதும் படுத்தார். திரும்ப வந்தால் திரும்ப எழுந்தார். கண்கள் செக்கச் செவேல் என்று இருந்தன. அழுதிருக்கிறார் என்று நினைத்தேன். கடைசியில் என்னிடம் ஒன்று கேட்டார்.

"இந்தக் கதவ உள்ளருந்து தாப்பா போட முடியுமாங்க?"

"முடியும். ஆனா எதுக்குங்க? காத்து வரட்டும்" என்றேன். பெரிய உபகாரி.

விடிந்ததும் துண்டைக் கட்டிக்கொண்டு கடலுக்குப் போனேன். கடல் இருந்தது. அலை வந்தது, போனது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. முங்கி எழுந்தேன், அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை. ஈரத்துண்டோடு திரும்பி வந்தால் அறைக் கதவு சாத்தியிருந்தது. தள்ளினேன். உள்ளே தாழ்ப்பாள்.

தட்டினேன். சத்தம் இல்லை. "ஏங்க" என்றேன். இல்லை. மூன்றாம் முறை கொஞ்சம் பலமாகத் தட்டியபோது முதலாளி வந்து என் கையைப் பிடித்தார்.

"சார், உள்ள தாப்பா போட்ட கதவ மூணு தடவைக்கு மேல தட்டக்கூடாது. இது என் லாட்ஜு பழக்கம். தம்பி தூங்குறாரு போலருக்கு, விடுங்க. இந்தாங்க, என் கைலியக் கட்டிக்குங்க."

கட்டிக்கொண்டேன். என் சட்டை, வேட்டி எல்லாம் உள்ளே. முதலாளி என்னைவிட ஒரு சாண் குட்டை. கைலி முழங்காலுக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்டது. எட்டு மணி ஆயிற்று. ஒன்பது ஆயிற்று. வராந்தாவில் உட்கார்ந்து யோசிக்க ஆரம்பித்தேன். சிவந்த கண். தாழ்ப்பாள் பற்றிய கேள்வி. வெங்காயம் கொட்டிய அறை. இரண்டு மாதமாக மரக்கட்டையாகக் கிடந்த என் உடம்பு பயத்தில் எழுந்து கதவுவரை போனது, திரும்பி வந்தது, மறுபடியும் போனது. பரவாயில்லை, வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நோட்டில் அண்ணன் என்று கையெழுத்துப் போட்டது நான். போலீஸ் கேட்டால் இறந்துபோன அம்மாவையும் காட்ட வேண்டும், இறந்துபோன தம்பியையும் காட்ட வேண்டும். அம்மா நேரில் வந்து நின்றால் நிலைமை இன்னும் மோசமாகிவிடும்.

பத்தரைக்கு முதலாளியிடம் போனேன். "உள்ள மேல ஃபேன் இருக்குங்களா?" என்று கேட்டேன். முந்தின இரவு முழுக்க அந்த அறையில்தான் படுத்திருந்தேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "மேச ஃபேன்தான் சார். மேல எந்த ரூம்லயும் மாட்டல. ஏன் கேக்குறீங்க?"

"சும்மாதான்."

அவர் முகம் மாறிவிட்டது. இருவரும் கதவுக்கு வந்தோம். ஜன்னலும் உள்ளே சாத்தியிருந்தது. கதவில் காதை வைத்துக் கேட்டோம். கடல் இரைச்சல்தான் கேட்டது. மூன்று முறைக் கணக்கை அவரே மீறினார். நானும் தட்டினேன். பதினொன்றோ பன்னிரண்டோ தடவை.

"பேரச் சொல்லிக் கூப்புடுங்க சார். கூடப்பொறந்தவன் கொரலு கேட்டா எந்திரிப்பாரு."

எனக்குப் பெயர் தெரியாது. "தம்பி!" என்று கத்தினேன்.

"பேரச் சொல்லுங்க சார்!"

"தம்பீ!"

"என்னா சார் நீங்க, தம்பி தம்பின்னு. வூட்டுல அவருக்குப் பேரே வைக்கலியா?"

அதற்கு மேல் முடியவில்லை. ஜோக்கு அடித்துத் தப்பிக்கிற வாய் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது. "அவரு என் தம்பி இல்லீங்க. யாருன்னே எனக்குத் தெரியாது. பஸ்ல பாத்தேன். ரூமுக்காகச் சொன்னேன்" என்றேன்.

முதலாளி சுவரைப் பிடித்துக்கொண்டார். பின்னால் நின்ற அவர் மனைவிதான் முதலில் பேசினாள்.

"அப்ப ஒங்கம்மா?"

"நல்லா இருக்காங்க."

"எளநி கேட்டாங்கன்னீங்க?"

"எப்பவாவது கேப்பாங்கதான்."

அந்த அம்மாள் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெம்பில்லை. முதலாளி வைவார் என்று பார்த்தேன். அவர் வையவில்லை. "கடப்பாரை" என்றார். பிறகு, "கதவ ஒடைக்க வேணாம். ஸ்டூலும் கொண்டா" என்றார். கதவுக்கு மேலே ஒரு காற்றுத் துவாரம் இருந்தது. அதை அவரே பலகை வைத்து ஆணி அடித்து மூடியிருந்தார். கல்யாண ஜோடிகள் வந்து தங்கும் இடமாம். எவனாவது எட்டிப் பார்த்துவிடக் கூடாதாம். ஸ்டூலில் ஏறி, கடப்பாரை முனையால் அந்தப் பலகையை அவரே நெம்பினார். ஆணி கிறீச்சிட்டது. பலகை வந்ததும் இறங்கிவிட்டார்.

"நான் பாக்க மாட்டேன். ஒரு தடவ பாத்தாச்சு. போதும். நீங்க ஏறுங்க."

ஏறினேன். எனக்குக் கண்ணை மூடிக்கொள்ளத்தான் தோன்றியது. ஸ்டூலின் ஒரு கால் குட்டை. நானும் அதுவும் சேர்ந்து ஆடினோம். கீழே அந்த அம்மாள் கைலியைப் பிடித்துக்கொண்டாளா, ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாளா என்று இன்றுவரை தெரியாது.

உள்ளே அவர் கட்டிலில் இல்லை. சிமெண்டுத் தரையில், மஞ்சள் பையைத் தலைக்கு வைத்து மல்லாந்து கிடந்தார். வாய் திறந்திருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். வயிறு ஏறியது. இறங்கியது. மறுபடியும் ஏறியது. அப்புறம் வாயிலிருந்து ஒரு குறட்டை வந்தது.

"என்னா சார்? சொல்லுங்க சார்."

"தூங்குறாருங்க."

"நெசமாவா?"

"எச்சி ஒழுகுது."

முதலாளி தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒரு பீடி பற்றவைத்து முழுக்க இழுத்த பிறகு எழுந்து, பலகையை எடுத்து மறுபடி துவாரத்தில் பொருத்தினார். ஆணி அடிக்கவில்லை, சத்தம் கேட்குமாம். எழுப்பிவிடலாமே, என் வேட்டியாவது கிடைக்குமே என்றேன்.

"அவரு கதவச் சாத்தியிருக்காரு சார். உசுரு இருக்கான்னு பாத்தாச்சு. அதுக்கு மேல பாக்க நமக்கு என்னா இருக்கு?"

என் பயம் வடிந்துவிட்டது. வடிந்த இடத்தில் பழையபடி ஒன்றும் இல்லை. கதவுக்கு எதிரே வராந்தாவில் குட்டைக் கைலியோடு உட்கார்ந்திருந்தேன். மீன்காரி ஒருத்தி கூடையோடு வந்து குரல் கொடுத்தாள். கையைக் காட்டி அனுப்பினேன். பக்கத்து அறைக்காரர் ரேடியோவைத் திருப்பினார், போய்க் குறைக்கச் சொன்னேன். மதியம் எனக்கு மட்டும் நெத்திலி வறுவல் வந்தது. அந்த அம்மாள் தட்டை வைத்துவிட்டுப் போனாள். தின்றேன். ருசி இருந்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

நாலரை மணிக்குத் தாழ்ப்பாள் விலகியது. அவர் கன்னத்தில் பையின் மடிப்பு பதிந்திருந்தது.

"மணி என்னங்க?"

சொன்னேன்.

"ஒங்க துணியெல்லாம் உள்ள இருக்கு. ஒங்கள வெளிய நிப்பாட்டிட்டேன்" என்றார். பிறகு, நான் கேட்காமலே, படியில் உட்கார்ந்துகொண்டு சொன்னார். போனது அவர் மனைவி. பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் வைத்திருந்தாராம். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டாராம்.

"எழவு கேக்க வர்றாங்க, வேணாம்னு சொல்ல முடியுமா? விடிஞ்சதுலேருந்து வர்றாங்க. ஒருத்தரு போனா ஒருத்தரு. படுத்திருந்தா எந்திரிச்சு ஒக்காரணும். ஒவ்வொருத்தருக்கும் மொதல்லேருந்து சொல்லணும். எப்ப படுத்தா, டாக்டரு என்னா சொன்னாரு, கடைசியா என்னா குடிச்சான்னு. ராத்திரி சொந்தக்காரங்க சுத்திப் படுத்துக்கிட்டு அழுவாங்க."

நான் தலையாட்டினேன். அந்த அம்மாள் உள்ளேயிருந்து சோறு கொண்டுவந்து வைத்தாள், எதுவும் கேட்கவில்லை. அவர் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

காலை ஏழிலிருந்து மாலை நாலரை வரை அவர் தூங்கினார். நாங்கள் தட்டியது எதுவும் அவருக்குக் கேட்கவில்லை.