மாம்பலத்துக் கொடுவாச் செதில்

காலி வீட்டுக்குள் நுழைகிற சுகம் எனக்கு இன்றுவரை வேறெதிலும் கிடைத்ததில்லை. ஆள் போன வீடு பொய் சொல்லாது. காலண்டர் தொங்கிய இடத்தில் மட்டும் பழுப்பேறாத சதுரம், அலமாரி மூலையில் ஒற்றை ஊக்கு, கதவு நிலையில் யாரோ ஒரு பிள்ளையைக் கோடு கோடாக வளர்த்துப் பாதியில் நிறுத்திய பென்சில். எட்டு வயதில், இதையெல்லாம் பார்க்கத்தான் வீடு வீடாகப் போகிறோம் என்று நினைத்திருந்தேன்.

போனதோ வேறு அவசரத்தில். ஊரூர்க் குப்பத்தின் ஓரத்தில் நாங்கள் குடியிருந்த ஓட்டு வீட்டை இடித்துக் கட்டப்போவதாக வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். ஆடி பிறந்துவிட்டால் யாரும் வீடு மாற மாட்டார்கள். ஆடிக்கு ஆறு நாள்தான் இருந்தது. கிண்டியில் லேத் ஓட்டிய அப்பாவின் சம்பளத்துக்குள் அடங்குகிற வீடு அடையாறில் இல்லை, மயிலாப்பூரில் இல்லை. மேற்கு மாம்பலத்தில் ஒன்று இருப்பதாக உடன் வேலை செய்தவர் சொன்னார். சைவக்காரர்களுக்கு மட்டும்தானாம். பெரியவர்கள் சொல்வதை அந்த வீட்டு மாமி நம்ப மாட்டாராம், பிள்ளையைத்தான் கேட்பாராம்.

இப்போது கைப்பேசியில் வீடு தேடினாலும் அதே கேள்வி ஒரு கட்டமாக வந்து நிற்கிறது, டிக் அடித்தால் தீர்ந்தது. அன்று அதற்கு ஒத்திகை வேண்டியிருந்தது. கல்யாணம்வரை கடற்கரையில் மீன் ஆய்ந்த அம்மா, காலையிலிருந்து புளி போட்டுக் கையைத் தேய்த்தாள். பஸ்ஸில் அப்பா என்னைப் பாடம் கேட்டார்.

"நேத்து இன்னா துன்னேன்னு கேட்டா இன்னா சொல்லுவே?"

"பருப்பு, ரசம், அப்பளம்."

"மொதல்ல நீ வாயத் தொறக்காத," என்றாள் அம்மா அவரிடம். "நீ பேசினாலே வலை நாத்தம் அடிக்குது."

மாமி மாடியில் இருந்தார். காலியாக இருந்தது கீழ்ப்பகுதி. மாமி நல்ல மாதிரி. வெயிலில் வந்தோமே என்று மூன்று டம்ளரில் மோர் கொடுத்தார். முன்பு இருந்தவர்களைப் பற்றி அவருக்குச் சொல்லி மாளவில்லை. "ரெண்டு பேரும் டீச்சர். மூணு வருஷம் இருந்தா. வெங்காயம் வதக்கற வாசனைகூட மேல வந்ததில்லை. அவா ஆத்துல என்ன பண்ணினாலும் எனக்கு ஒரு கிண்ணம் வந்துடும்." பிறகு என் தாடையைப் பிடித்தார். "நேத்திக்கு என்னடி கொழந்தே சாப்பிட்டே?"

ஒப்பித்தேன். சமத்து என்றார். ஆடிக்கு முன்னாலேயே பால் காய்ச்சிவிடச் சொன்னார். அப்பா அப்போதுதான் மூச்சு விட்ட மாதிரி இருந்தது.

நான் கொல்லைப்பக்கம் நழுவினேன். குழாயடியில் துவைக்கிற கல். அதன் அடியில் வெடித்த சிமென்ட். வெடிப்புக்குள் ஏதோ மினுங்கியது. நகத்தால் நெம்பி எடுத்து வெயிலில் பிடித்தேன். உள்ளே வளையம் வளையமாக ஒரு குட்டிக் குளம். சந்தோஷம் தாங்காமல் ஓடினேன்.

"மாமி, கொடுவா செதிலு! பெரிய மீனு, அஞ்சு கிலோ இருக்கும்!"

அம்மா சட்டென்று என் விரல்களை மடக்கி மூடினாள். "பாவாடை ஜிகினாடி அது."

"ஜிகினால வளையம் இருக்காதும்மா. நீதானே சொல்லிக் குடுத்தே?"

மாமி என் விரல்களைப் பிரித்து அதை எடுத்தார். வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார். எங்கள் மேல் அவருக்குக் கோபம் வந்ததாகவே தெரியவில்லை. அந்தக் காலிச் சமையலறையையே பார்த்துக்கொண்டு, "மூணு வருஷம்," என்றார். செதிலை என் உள்ளங்கையில் திருப்பி வைத்தார். "சொல்லி அனுப்பறேன்," என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு மாடியேறிப் போனார். மோர் டம்ளர்கள் மூன்றையும் எடுத்துப்போக மறந்துவிட்டார்.

மாம்பலம் ஸ்டேஷன் மேம்பாலத்தில் இரண்டு பேரும் எனக்கு முன்னால் விறுவிறுவென்று ஏறினார்கள். எனக்கு உள்ளே அரித்தது. மீன் பெயரைத் தப்பாகச் சொல்லிவிட்டேனோ? பாலத்தின் நடுவில் அம்மாவின் புடவையை இழுத்தேன்.

"கொடுவா இல்லியாம்மா? சங்கராவா?"

கீழே ரயில் ஒன்று போய்க்கொண்டிருந்தது. அது போய் முடியும்வரை அம்மா என் கையிலிருந்த செதிலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கொடுவாதான்டி. கரீட்டாதான் சொன்னே." திடீரென்று சிரித்தாள். "மூணு வருசமா நல்லாதான் துன்னுக்கீறாங்க அந்த டீச்சருங்க." சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"ஆறு நாளு கீது," என்றார் அப்பா, தண்டவாளத்திடம்.

பஸ் ஸ்டாண்டு வரை நான் துள்ளிக்கொண்டே போனேன். சரியாகத்தானே சொல்லியிருக்கிறேன். மாமி கட்டாயம் சொல்லி அனுப்புவார்.