பழுதற்ற குட்டி

குருத்தோலை ஞாயிறன்று எங்கள் சபையில் நாடகம். பஸ்கா பண்டிகைக்கு எருசலேமுக்கு நடந்து போகும் பழங்கால யூதர் ஒருவரின் கதை. அவர் கொண்டுவரும் ஆட்டுக்குட்டியை ஆலய வாசலில் ஆசாரியர் சோதித்து, பழுதற்றது என்று சொன்னால்தான் பலி. அந்த ஆசாரியர் வேடத்துக்கு எங்கள் வீட்டுக்காரரைப் பிடித்தார்களே, அங்கேதான் வந்தது வினை.

அவருக்கு ஜூஜுவாடிப் பக்கம் பைக் உதிரிபாகக் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. நாளெல்லாம் ஓ.கே., ரிஜெக்ட் என்று பிரித்துப் பிரித்து, சந்தையில் கத்தரிக்காய் வாங்கினாலும் காம்பைத் தூக்கிப் பார்க்கும் மனுஷன். என்னை எப்படி பாஸ் பண்ணினாரோ, ஆண்டவருக்கே வெளிச்சம்.

குட்டி கொண்டுவருவது என் பொறுப்பு. பாகலூரில் எனக்குத் தெரிந்த ஓர் அக்கா, வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், தாயில்லாத கிடாக்குட்டி ஒன்றைப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்துவந்தார். ‘பங்காரு’ என்று, தங்கமே என்று, கொஞ்சித்தான் கூப்பிடுவார். நான் கேட்டதும் அவர் முகம் சுருங்கியது.

“பலி கிலின்னு ஏதாச்சும் பண்ணிட மாட்டீங்களே?”

“நாடகம்தான்க்கா. ஒரு முடிகூட உதிராது.”

அப்படியும் நம்பாமல் கூடவே வந்து முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டார்.

தெர்மாகோல் ஆலயம். என் நைட்டியையும் பஞ்சுத் தாடியையும் மாட்டிக்கொண்டு நின்றார் ஆசாரியர். யாத்திரிகர் குட்டியை நீட்டியதும் ‘பழுதற்றது’ என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. இவரோ சட்டென்று மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டினார். குட்டியின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார், குளம்பைத் தூக்கிப் பார்த்தார். ஓரத்திலிருந்து போதகர், “சொல்லுங்க, சொல்லுங்க” என்று தவித்தார். குட்டியின் வலது காதில் சின்னதாக ஒரு வெட்டு.

“ரிஜெக்ட்,” என்றார் மைக்கில்.

சபை கொல்லென்று சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மேடையேறிவிட்டார்.

“எம் பங்காருக்கு என்னா கொறை? அது அடையாளத்துக்கு நாங்களே வெட்டுனது. பல்லப் பாருங்க, காலப் பாருங்க. இந்த மாதிரி குட்டி ஓசூரு சந்தையிலயே கெடைக்காது!”

எங்கள் வீட்டுக்காரர் ஆடிப்போனார். கம்பெனியில் எந்தப் பாகத்துக்காகவும் யாரும் வந்து அவரிடம் நியாயம் கேட்டதில்லை.

“சரிம்மா, ஓ.கே. போட்டுடறேன். ஆனா ஓ.கே. போட்டா உள்ள கொண்டுபோய் வெட்டிருவாங்க. பரவால்லையா?”

அக்கா திரைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். வெள்ளிக் காகிதம் ஒட்டிய அட்டைக் கத்தியோடு ஒருவர் தயாராக நின்றிருந்தார்.

“அய்யய்யோ, கொறைதாங்க! நெறைய கொறை இருக்குங்க!”

குட்டியைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டு கடகடவென்று இறங்கிவிட்டார். அத்தனை தூரம் நடந்துவந்த யாத்திரிகர் வெறுங்கையோடு விழித்தார்.

“அப்போ எம் பலி, ஆசாரியரே?”

“அடுத்த வருசம் வேற குட்டியோட எருசலேமுக்கு வாப்பா.”

நான் அக்கா பின்னாலேயே ஓடினேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது எனக்கு. அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. “நொண்டிக் காலு, கோணக் காது, ஓட்டப் பல்லு, என் பங்காருவ யாரும் எடுக்க மாட்டாங்க” என்று குட்டியிடம் சொல்லிக்கொண்டு, ஒவ்வொரு குறைக்கும் ஒரு முத்தம் கொடுத்தபடி பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார்.